கருணைக்கும் மதச் சான்றிதழா?



"குடியுரிமைச் சட்டத்தைப் பேசினால் நம்ம ஊரில் யார் ஓட்டுப் போடுவார்கள்?" என்று இங்கே வரும் வழியில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். விலைவாசி, வேலை, கூலி ஆகியவற்றுக்குத்தான் மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் ஓட்டே இல்லாதவர் தன் கூலியைப் பற்றி யாரிடம் பேசுவார்? மலையகத் தமிழர் பற்றி ஆய்வு செய்கிறவன் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 'உன் அப்பன், பாட்டன் இலங்கையில் பிறந்ததற்குக் காகிதம் காட்டு' என்றது. நம் சேரிகளிலிருந்து கங்காணியிடம் கடன்பட்டுப் போனவர்களிடம் காகிதம் ஏது? 1949இல் ஓட்டும் போனது. 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவர்கூட வெல்லவில்லை. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கு போட்டார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது 2019க்கு வருவோம். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தாருக்குக் குடியுரிமை. இதைக் கருணைச் சட்டம் என்றார்கள். மதத்தின் பெயரால் அடிபடும் அகமதியருக்கு அதில் இடமில்லை, ஹசாராக்களுக்கும் இல்லை. ஈழத்தமிழருக்கும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், மற்றவர்களில் பலர் கிறித்தவர்கள். இந்துக்களுக்காக உருகுகிறவர்கள் மண்டபம் முகாமில் கிடக்கும் முருக பக்தருக்கு ஏன் உருகவில்லை?

எனக்குக் கருணை என்ற சொல் மேலேயே சந்தேகம் உண்டு. மேலே நின்று ஒருவர் ஊற்ற, கீழே கையேந்திக் குடித்த தண்ணீர் நமக்குத் தெரியும். 1927இல் மகாத்தில் பாபாசாகேப் யாரையும் ஊற்றச் சொல்லவில்லை. குளத்தில் இறங்கிக் குடித்தார்.

சரி, இது ஓட்டுப் பிரச்சினையா? கணக்கைப் பாருங்கள். மாநிலங்களவையில் ஆதரவு 125, எதிர்ப்பு 105. அதிமுகவின் 11 ஓட்டு எதிர்ப்பக்கம் போயிருந்தால் 114க்கு 116, சட்டம் தோற்றிருக்கும். அதே கட்சி 2021 தேர்தல் அறிக்கையில் 'இந்தச் சட்டத்தைக் கைவிட வலியுறுத்துவோம்' என்று எழுதியது. மனம் மாறியா எழுதினார்கள்? ஓட்டுப் பயம், அவ்வளவுதான். அந்தப் பயம் நல்லது. திமுகவுக்கும் அது வேண்டும். 2021 செப்டம்பரில் சட்டமன்றத் தீர்மானம் போட்டார்கள், முகாமுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். நல்லதுதான். ஆனால் கணக்கெடுப்பு நாளன்று முகாமில் இருந்தாக வேண்டும் என்ற பயம் பெயர் மாற்றத்தால் போய்விடாது.

டெல்லி மனம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் இதை வைத்து மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கினார். 2024இல் திருச்சியில் முதல் முறையாக ஓட்டும் போட்டார். அவரைப் போன்றவர்களைக் கண்டுபிடிக்க, பிறப்புச் சான்றிதழ் எடுத்துத் தர, மாவட்ட நிர்வாகம் போதும்.

முகாமில் இருப்பவருக்கு ஓட்டில்லை, அதனால் வேட்பாளர் அங்கே போவதில்லை. உங்கள் தெருவுக்கு வருவார். கையெடுத்துக் கும்பிடும்போது கேளுங்கள்: நம் மாவட்ட முகாமில் 1987க்கு முன் இங்கே பிறந்தவர்கள் எத்தனை பேர்? பட்டியல் இருக்கிறதா?