சிரிக்க வைத்தவருக்குக் கிடைத்த மாலை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் 'ஜாலான் பி. ரம்லி' என்றொரு சாலை உண்டு. அங்கே ஓர் எளிய பலகை வீடு நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. 1929 மார்ச் 22-ஆம் தேதி பிறந்த நகைச்சுவை மேதை பி. ரம்லியின் பிறந்தகம் அது.

1948-இல் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் நுழைந்தார் ரம்லி. அன்று மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியர்கள். 1950-இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர்.

1955-இல் 'பெனாரெக் பெச்சா' படத்தின்வழி ரம்லி இயக்குநரானார். 1957-இல் வந்தது 'பூஜாங் லாப்போக்'. கல்யாண வயது தாண்டிய மூன்று பிரம்மச்சாரிகள், ஒண்டுக் குடித்தனம், கையில் காசில்லை. பாமர மக்களின் அன்றாடத் தொல்லைகளே கதை. அந்தத் தொல்லைகள் இல்லாத வீடு ஏது? அதனால்தான் மலாய்க்காரர், சீனர், தமிழர் என எல்லாரும் சிரித்தார்கள். 1959-இல் அதன் தொடர்ச்சியான 'பெண்டேகார் பூஜாங் லாப்போக்' ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நகைச்சுவைப் படமாகத் தேர்வு பெற்றது.

1964-இல் கோலாலம்பூருக்கு மாறினார். அங்கே காலம் கைகொடுக்கவில்லை. படங்கள் பழையபடி ஓடவில்லை. 1973 மே 29-இல் மாரடைப்பால் மறைந்தபோது வயது 44. சிரிக்க வைத்தவர் மனக்கவலையோடும் பணக்கஷ்டத்தோடும் கண்மூடினார். 'டான்ஸ்ரீ' விருது 1990-இல்தான் வந்தது.

நேயர்களே, கண்மூடிய பிறகு சூட்டும் மாலையின் மணம் கலைஞனுக்கு எட்டாது. உங்கள் ஊரிலும் ஒரு கலைஞர் இருப்பார். அவர் வாழும்போதே வாசல் தேடிப் போய்ப் பாராட்டுங்கள்.