இன்னும் ஒரு மணி நேரம்



நோன்புப் பெருநாளன்று பிற்பகல், என் பழைய மாணவர் ஒருவர் வாழ்த்துச் சொல்ல வந்தார். மருதமுனையைச் சேர்ந்தவர். கொழும்பிலே மென்பொருள் எழுதும் தொழில். ஒரு கையில் வட்டலப்பப் பாத்திரம், மறு தோளில் கணினிப் பை. பாத்திரத்தை என் மனைவியிடம் கொடுத்தார். பையைக் கடைசிவரை இறக்கி வைக்கவில்லை.

"என்ன தம்பி, பெருநாளிலுமா வேலை?" என்றேன்.

"வேலை தருபவர்களுக்கு இன்று திங்கட்கிழமை, சேர். நாளொன்றுக்கு முப்பது மணி நேரம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!"

"முப்பது தந்தால் என்ன செய்வாய்?"

"மிகுதி ஆறு மணியும் உறங்குவேன்."

இருவரும் சிரித்தோம். இத்தகைய ஆசைகள் அவருடைய தொழிலாரிடையே மிகுதியாம். வெள்ளிக்கும் சனிக்கும் நடுவே பெயரில்லாத ஒரு நாள் வேண்டும் என்பார் ஒருவர். இருபத்தைந்தாவது மணி ஒன்று வேண்டும், ஆனால் அது மேலாளருக்குத் தெரியாமல் வேண்டும் என்பார் மற்றொருவர். தெரிந்துவிட்டால் அந்த மணிக்கும் ஒரு கூட்டம் வைத்துவிடுவாராம்!

நகைச்சுவைதான். ஆனால் அதற்கு அடியிலே ஓர் உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய தொம் கார்கில் என்பார் வேடிக்கையாக ஒரு கணக்குச் சொன்னார். நிரலின் முதல் தொண்ணூறு வீதத்தை எழுதுவதற்குத் தொண்ணூறு வீத நேரம் செல்லும்; எஞ்சிய பத்து வீதத்தை எழுதுவதற்கு இன்னொரு தொண்ணூறு வீத நேரம் செல்லும் என்பது அதன் கருத்து. கூட்டிப் பாருங்கள், நூற்றெண்பது வருகிறது. எங்கள் மாணவர் எழுதியிருந்தால் சிவப்பு மையால் கோடிட்டிருப்பேன். ஆனால் அத்தொழிலார் அனைவரும் இதனைச் சரியான விடை என்றே கொள்கின்றனர்.

"ஆள் போதாவிட்டால் மேலும் ஆட்களைச் சேர்க்கலாமே?" என்று நான் கேட்டேன். வயல் வெட்டுக்கு அதுதானே வழக்கம்? ஐவர் இரண்டு நாளில் வெட்டுவதைப் பதின்மர் ஒரு நாளில் வெட்டுவர். இதற்கு விடை 1975ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் மென்பொருட் பணி ஒன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், பிந்திப்போன வேலைக்குப் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று தம் அனுபவத்தால் கண்டார். புதியவருக்குக் கற்பிக்கப் பழையவர் தம் வேலையை நிறுத்தவேண்டும்; ஆள் கூடக் கூட ஒருவரோடொருவர் பேசித் தெளியும் நேரமும் கூடுகிறது. இருவருக்கிடையே ஓர் உரையாடல். பத்துப் பேருக்கிடையே நாற்பத்தைந்து. ஆளைக் கூட்ட இயலாதவிடத்து, நாளைத்தானே நீட்டவேண்டும்? ஆகவேதான் இந்த ஆசை.

நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாக வகுத்திருந்தனர். இருபத்து நான்கு போதாதென்று முப்பது கேட்கும் இளைஞர் அவர்கள் காலத்திலே பிறந்திருந்தால் அறுபதைக் கண்டு எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! ஆனால் ஒரு நாழிகைக்கு இருபத்து நான்கு நிமிடந்தான். பானையை மாற்றினாலும் நீர் அதே அளவு.

நேயர்களே, நாளை நீட்டுவது நடவாத காரியம் என்று நீங்கள் எண்ணுவீர்கள். அது நடந்திருக்கிறது, அதுவும் நம் இலங்கையிலே நடந்திருக்கிறது. அந்த இளைஞருக்கு இதைச் சொன்னபோது நம்பவில்லை.

1996ஆம் ஆண்டு. மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின, மின்சாரத்துக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. மாலை வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கக் கருதிய அரசாங்கம், மே மாதம் 25ஆந் திகதி நள்ளிரவில் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. அன்றைய நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரமே இருந்தது. அக்டோபர் 26ஆந் திகதி அரை மணி நேரம் திருப்பித் தரப்பட்டது. அன்றைய நாள் இருபத்து நான்கரை மணி. எஞ்சிய அரை மணியைத் திருப்பித் தர ஏறக்குறையப் பத்து ஆண்டு சென்றது. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி, பின்னிரவு பன்னிரண்டரை மணி மீண்டும் பன்னிரண்டாயிற்று. பறித்த ஒரு மணியை இரண்டு தவணையிலே, வட்டியில்லாமல், தந்து தீர்த்தது அரசாங்கம். நம் ஊரில் வட்டி ஆகாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது போலும்!

நான் அக்காலத்தில் இளம் ஆசிரியன். சூரியனைக் கேட்டா மணிக்கூட்டை மாற்றினார்கள்? மே மாத இறுதியில் கல்முனையிலே ஆறு மணிக்குச் சிறிது முன்னர் கதிரவன் எழுவான். புதிய கணக்கில் அது ஏழுக்குக் கிட்ட வந்துவிட்டது. ஏழரைக்குப் பாடசாலை மணி. பிள்ளைகள் விளக்கு வெளிச்சத்திலே வெள்ளைச் சட்டை தேடினர். முதற் பாடவேளையில் நான் இலக்கணம் நடத்த, பாதிப் பேர் கொட்டாவியிலே விடை சொன்னார்கள். ஐவேளைத் தொழுகையோ சூரியனின் கணக்கு. ஆகவே தொழுகை நேர அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் மனத்திலே கூட்டல் செய்தோம். "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்காமல் ஒரு கலியாணத்துக்கும் போக முடியாது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்கவேயில்லை. எல்லை கடந்தவர் காலமும் கடந்தனர்.

இதிலே எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு சிறு பெருமையும் உண்டு. 1906ஆம் ஆண்டு முதல் இலங்கை கைக்கொண்ட ஐந்தரை மணிக் கணக்கு, கிழக்குத் தீர்க்கரேகை எண்பத்திரண்டரைப் பாகைக்கு உரியது. அக்கோடு எங்கள் கரைக்குக் கிழக்கே கடல்மீது செல்கிறது. கல்முனைச் சூரியனுக்கும் நாட்டு மணிக்கூட்டுக்கும் வேறுபாடு மூன்று நிமிடத்திற்கும் குறைவு. கொழும்புக்கோ பத்து நிமிடத்திற்கு மேல். அதாவது, தலைநகரமே ஏறக்குறைய எங்கள் ஊர் நேரத்தில்தான் வாழ்கிறது. இதைக் கொழும்பு நண்பர்களிடம் சொல்லுவதில் எனக்கு ஒரு தனி இன்பம்.

இதற்குள் அந்த இளைஞர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சேர், இந்தத் திகதிகள் அத்தனையும் எங்கள் கணினிகளுக்குள்ளே இருக்கின்றன," என்றார். உலகத்து நேர மாற்றங்களையெல்லாம் பதிவு செய்த ஓர் ஏடு உண்டாம். ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் தொடங்கியது. கொழும்பு என்ற தலைப்பின்கீழ் 1996, 2006 மாற்றங்கள் மட்டுமன்றி, உலகப்போரின் பொருட்டு 1942இல் மணிக்கூட்டை முன்தள்ளி 1945இல் மீட்டதும் அங்கே வரிவரியாக உள்ளனவாம். ஒரு நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரம் என்று ஒருபோதும் நம்பாதே என்பதே நிரல் எழுதுவோர் கற்கும் முதற் பாடங்களில் ஒன்று என்றார். நான் முதலாம் வகுப்பில் கற்பித்ததை அவர்கள் மறக்கக் கற்கிறார்கள்!

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். பூமியின் சுழற்சி சீரானதன்று. அதற்கு ஈடுசெய்ய 1972 தொடக்கம் இருபத்தேழு முறை, முறைக்கு ஒரு விநாடியாக, உலக நேரத்தோடு சேர்த்திருக்கின்றனர். கடைசி விநாடி 2016ஆம் ஆண்டின் முடிவில் வந்தது. நம் நாட்டில் அது 2017 சனவரி முதலாந் திகதி விடியற்காலை ஐந்தரை மணிக்கு முன் செருகப்பட்ட விநாடி. சுபஹுத் தொழுதுவிட்டு அமர்ந்திருந்த நமக்கு அது தெரியவுமில்லை. ஆனால் 2012இல் இவ்வாறு ஒரு விநாடி சேர்த்தபோது உலகெங்கும் பல கணினிகள் திகைத்து நின்றன. அவுஸ்திரேலியாவில் விமானப் பயணிகளைப் பதியும் முறை நிலைகுலைந்து பயணங்கள் தாமதமாயின. இந்தத் தொல்லை வேண்டாம் என்று கணினித் துறையார் பலர் மன்றாடினர். 2022இல் கூடிய அளவைகள் பற்றிய உலக மாநாடும் 2035ஆம் ஆண்டளவில் இவ்வழக்கத்தைக் கைவிடத் தீர்மானித்தது. நாளுக்கு ஆறு மணி கூடக் கேட்பவர்கள், ஒரு விநாடி கொடுத்தால் வேண்டாமென்று கை கூப்புகிறார்கள்!

பொறுத்திருந்தால் இருபத்தைந்தாவது மணி தானாகவே வரும். கடல் வற்றுப்பெருக்கின் இழுப்பினால் பூமியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்கிறது. நூறாண்டுக்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக நாள் நீள்கிறது. இக்கணக்கின்படி ஒரு மணி கூடுவதற்குச் சுமார் 20 கோடி ஆண்டு செல்லும். "அதற்குள் இந்த வேலை முடிந்துவிடுமா?" என்று கேட்டேன். "தொண்ணூறு வீதம் முடிந்துவிடும், சேர்," என்றார்.

மறுநாள் அஸர் வேளையில் மருதமுனையில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய வாப்பா முன்னாள் நெசவாளர். சாரம் நெய்து மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவர். தறி மேடையிலே கண் தெரியாத நேரம் வந்தால் வேலை நின்றுவிடும். மஃரிபுக்குப் பின் அவர் தறியைத் தொட்டதில்லை. மகனுடைய கருவிக்கோ வெளிச்சம் அதனுள்ளேயே இருக்கிறது. அது மட்டுமா? காலையில் கொழும்புக்கு வேலை. நமக்கு அந்தியாகும்போது இலண்டனுக்கு நண்பகல். நாம் உறங்கப் போகும்போது நியூயோர்க்கில் பகல் பாதிதான் கழிந்திருக்கும். நாளுக்கு ஆறு மணி நேரம் கூட்டிக் கொடுத்தாலும் அதனை வாங்கிக்கொள்ள ஓர் ஊர் விழித்திருக்கும்.

சுவரிலே ஒரு பழைய மணிக்கூடு. 1996இலும் அதனை மாற்றவில்லையாம். "சூரியன் மாறல்லியே சேர், நான் ஏன் மாத்தணும்?" என்றார் வாப்பா. பத்து ஆண்டு பிழையாக ஓடி, 2006இல் தானாகச் சரியாகிவிட்ட மணிக்கூடு!

"மகன் எங்கே?" என்று கேட்டேன்.

உம்மா அறையைக் காட்டினார். "ஊட்டதான் இரிக்கான் சேர். ஆனா இன்னும் வந்து சேரல்ல."

மேசையிலே அவருக்கு வைத்த தேநீர் ஆடை படிந்திருந்தது. அறைக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் பேச்சுக் கேட்டது. வாப்பா தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். பெருநாளுக்கு வந்த மகனோடு ஒரு வேளையாவது பள்ளிக்கு நடந்து போகவேண்டும் என்பது அவர் ஆசை. "அஞ்சி நிமிஷம், வாப்பா," என்று குரல் வந்தது. மணிக்கூட்டைப் பார்த்தார். கால் மணி நேரம் நின்றார். இகாமத் சொல்லும் நேரம் நெருங்கியது.

"வாங்க சேர், நாம போவம்," என்றார்.

தொழுது, கடற்கரை வீதி வழியே மெதுவாகத் திரும்பி வந்தோம். தேநீர் அப்படியே இருந்தது. எங்கள் காலடி கேட்டதும் உள்ளேயிருந்து குரல் வந்தது: "இன்னும் அஞ்சே நிமிஷம், வாப்பா."