பணம் போன வீட்டின் கதை

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நிதி மோசடிகளைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். கணக்கு வழக்கைப் பற்றிப் பேச இங்கே ஆடிட்டர்கள் பலர் இருக்கிறார்கள். நான் கதைகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். காரணம் உண்டு. 1992-இல் ஹர்ஷத் மேத்தா விவகாரம் வெளிவந்தது. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத் தலைவர், இல்லாத பணத்தை இருப்பதாகக் கணக்கில் காட்டியதை ஒப்புக்கொண்டார். எத்தனை கோடி என்பதெல்லாம் பத்திரிகைகளில் விவரமாக வந்துவிட்டது. ஆனால் அதில் தன் சேமிப்பை இழந்த ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பது வருவது அபூர்வம். அதை நாவலாசிரியர்கள்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதலில் எலிசபெத் காஸ்கெல் எழுதிய 'க்ரான்ஃபோர்டு'. 1851 முதல் 1853 வரை டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் வந்தது. இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊர். அங்கே மிஸ் மாட்டி என்று கல்யாணமாகாத ஒரு வயதான அம்மாள். காலமான அக்காவின் முடிவுப்படி, சேமிப்பு பெரும்பாலும் ஒரே வங்கியின் பங்குகளில் இருக்கிறது. ஒருநாள் பட்டுத் துணி வாங்க ஐந்து சவரன்களுடன் கடைக்குப் போகிறார். பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டாருக்குச் சால்வை வாங்கிக்கொண்டு, அதே வங்கியின் ஐந்து பவுண்டு நோட்டை நீட்டுகிறார். வங்கி முறியப் போவதாகப் பேச்சு. கடையில் நோட்டை வாங்க மறுக்கிறார்கள். மிஸ் மாட்டி தம் ஐந்து சவரன்களை அவரிடம் கொடுத்துவிட்டு அந்த நோட்டை வாங்கிக்கொள்கிறார். தாம் அந்த வங்கியின் பங்குதாரர். அதை நம்பியவர் ஏமாறக் கூடாது என்பது அவர் நியாயம். பட்டு வாங்காமலே வீடு திரும்புகிறார்.

வங்கி மூடுகிறது. அவருக்கு மிஞ்சுவது வருஷத்துக்கு 13 பவுண்டு. வேலைக்காரப் பெண் மார்த்தா போகமாட்டேன் என்கிறாள். தன் கல்யாணத்தையே முன்கூட்டி முடித்து, எஜமானியைத் தங்கள் குடித்தனத்தில் வைத்துக்கொள்கிறாள். ஊர்ப் பெண்மணிகளில் பலருக்கும் பெரிய வசதி கிடையாது. ஆனாலும் வருஷத்துக்குத் தம்மால் இயன்ற தொகையை ஒவ்வொருவரும் சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுக்கிறார்கள். யார் எவ்வளவு என்று மற்றவருக்குத் தெரியாது. மிஸ் மாட்டிக்கு இந்த ஏற்பாடே தெரியக் கூடாது. அவர் தேயிலை விற்க முடிவு செய்து, முதலில் ஊர்க் கடைக்காரரிடம் போய், அவர் வியாபாரத்துக்கு இடைஞ்சலாகுமா என்று கேட்கிறார். அந்தக் கடைக்காரரோ தம் வாடிக்கையாளர்களை அவரிடம் அனுப்புகிறார்.

டிக்கன்ஸின் 'லிட்டில் டாரிட்' 1855 முதல் 1857 வரை வந்தது. மெர்டில் என்ற பெரும் செல்வந்தரை ஊரே கொண்டாடுகிறது. ஆர்தர் கிளென்னம் என்ற நேர்மையான மனிதர், நண்பர் ஒருவரின் நல்லெண்ண யோசனைப்படி, கூட்டாளி வெளிநாட்டில் இருக்கும்போது நிறுவனத்தின் பணத்தை அங்கே போடுகிறார். மெர்டில் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான் எல்லாம் மோசடி என்று தெரிகிறது. கிளென்னம் ஓடி ஒளியவில்லை. பொறுப்பு தன்னுடையது என்று பகிரங்கமாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கடன்காரர் சிறைக்குப் போகிறார். டிக்கன்ஸின் தகப்பனாரே 1824-இல் அதே மார்ஷல்ஸி சிறையில் இருந்தவர். அந்த வேதனை அவருக்குக் கேள்வி ஞானம் அல்ல.

நம் ஆர்.கே. நாராயண் 1952-இல் 'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்' எழுதினார். ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த மார்கய்யா, 20 சதவீத வட்டி என்று டெபாசிட் வாங்கிப் பெரிய மனிதராகிறார். ஒரு வதந்தி கிளம்புகிறது, வாசலில் கூட்டம், எல்லாம் போகிறது. இதில் நாம் காண்பது பணம் வாங்கியவரின் வீட்டை. பணம் போட்டவர்கள் வாசலில் ஒரு கும்பலாகவே நிற்கிறார்கள். அந்தக் கும்பலில் நிற்பவரைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியது.

எங்கள் குடியிருப்பில் ஒரு மாமா. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பெரும்பகுதியை, கூட வேலை பார்த்த நம்மவர் ஒருவர் சொன்னார் என்று, அதிக வட்டி தந்த ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். நிறுவனம் மூடியது. இரண்டு வருஷம் அகத்தில் சொல்லவில்லை. மாதாமாதம் "வட்டி வந்தது" என்று பென்ஷனிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தம் கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார். ரகசியம் வெளிவரும் என்று பயந்து, மற்ற டெபாசிட்தாரர்களோடு சேர்ந்து புகாரும் கொடுக்கவில்லை. கடைசியில் விஷயம் தெரிந்தபோது மாமி கேட்டது: "சொல்லியிருந்தால் ஒருநாள் அழுதிருப்பேன். இரண்டு வருஷம் தனியாக ஏன் கஷ்டப்பட்டேள்?"

மிஸ் மாட்டிக்கும் இவருக்கும் நஷ்டம் ஒரே மாதிரிதான். அவர் விஷயம் ஊருக்குத் தெரிந்தது; ஊர் துணை நின்றது. இவர் வெட்கத்துக்குப் பயந்து தனியே நின்றார். "பேராசை பட்டார், அனுபவிக்கிறார்" என்று நாமே பேசிக் கேட்டிருப்பார். பிறகு எப்படி நம்மிடம் சொல்வார்?

டெபாசிட்தாரர் நலனுக்கென்று தமிழ்நாட்டில் 1997-லும், மஹாராஷ்டிராவில் 1999-லும் சட்டம் வந்தது. மோசடி நிறுவனத்தின் சொத்தை முடக்கி, பணத்தைத் திருப்பித் தர அதில் வழி இருக்கிறது. வங்கி டெபாசிட்டுக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு என்று 2020-இல் உயர்த்தினார்கள். கம்பெனி டெபாசிட்டுக்கும் நிதி நிறுவன டெபாசிட்டுக்கும் அந்தக் காப்பீடு கிடையாது. "நம்மவர் சொன்னார்" என்பது இதற்கு ஈடாகாது.

ஆகவே அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம் இரண்டு. பணம் இழந்தவர் அகத்தில் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். கேட்பவர் உபதேசம் செய்யாமல், புகார் கொடுக்கக் கூடவே போக வேண்டும். உதவி செய்வதானால் க்ரான்ஃபோர்டு பெண்மணிகளைப் போல, சீட்டை ஒட்டிக் கொடுங்கள்.