புகையானும் சிலந்தியும்
(கூட்டுறவுக் கடன் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்துதற்குரிய பிரசங்கம்)



சங்கத்தில் பயிர்க்கடன் பெறும் குடியானவர் அத்தொகையை எவ்வாறு செலவிடுகின்றார் என்பதை யாவரும் அறிவர். விதை, உரம், நடவுக்கூலி, பூச்சி மருந்து. முதல் மூன்றும் பயிரை வளர்ப்பதற்காக ஆகும் செலவு. நான்காவதோ கொல்வதற்காக ஆகும் செலவு. எந்த உயிரைக் கொல்வதற்கு என்று கேட்பார் எவருமில்லை. "பூச்சி" என்ற ஒரே சொல்லில் வயலிலுள்ள சகல ஜீவன்களும் அடங்கி விடுகின்றன. கணக்கில் இதனினும் பெரிய பிழை வேறொன்று இருத்தல் அரிது. ஏனெனில், அவ்வாறு அடக்கப்பட்டவற்றுள் பல, கூலி பெறாமல் அக்குடியானவருக்கே உழைப்பவை.

நெற்பயிரை எடுத்துக்கொள்வோம். குடியானவர் காலையில் வரப்பின்மீது நின்று பார்க்கையில் அவர் கண்ணிற்படுவன யாவை? பனித்துளி தங்கிய சிலந்தி வலைகள், நீர்மேல் ஓடும் சிலந்திகள், பறக்கும் தட்டான்கள், இலைமேலிருக்கும் பொறிவண்டுகள். "வயலெல்லாம் பூச்சி" என்று அவர் வீடு திரும்புகின்றார். மெய்யான பகைவனாகிய புகையானோ அவர் கண்ணிற்படவேயில்லை. அது நெல்மணியினும் சிறியது. தண்டின் அடியில், நீர்மட்டத்தை ஒட்டி அமர்ந்து சாற்றை உறிஞ்சுவது. பயிர் வட்டவட்டமாகப் புகைபட்டாற்போலக் காய்ந்த பின்னரே அது வந்திருந்தமை தெரியும்.

ஒரு பெண் புகையான் 100 முதல் 300 முட்டைகள் வரை இடும். அவற்றை இலையுறையின் உள்ளே செருகி வைப்பதால், மேலே தெளிக்கும் மருந்து அங்கே எளிதிற் செல்லாது. மருந்து படுவது மேலே ஓடித்திரியும் சிலந்தியின்மீதும் வண்டின்மீதுமே. அவை மடிகின்றன. ஒரு வாரம் பத்து நாள் கழித்து முட்டைகள் பொரிக்கும்போது அக்குஞ்சுகளைத் தின்பதற்கு வயலில் ஒருவருமில்லை. புகையான் முன்னிலும் பெருகுகின்றது. மருந்து வலுவில்லை போலும் என்றெண்ணிக் குடியானவர் மறுமுறையும் கடைக்குச் செல்கின்றார். செயற்கைப் பைரித்ராய்டு இனத்து மருந்துகள் இவ்வகையில் மிகவும் கெட்ட பெயர் பெற்றவை. சங்கக்கடன் ஒன்றுக்கு இரண்டாக வளர்வதற்கு இதுவும் ஒரு வழி.

இதற்கு எதிராக வயலில் நிற்கும் காவற்காரருள் தலையாயது ஓநாய்ச் சிலந்தி. இது வலை பின்னிக் காத்திருப்பதன்று. தண்டினடியில் ஓடி வேட்டையாடுவது. நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். தாய்ச்சிலந்தி முட்டைப்பையைத் தன் உடலின் பின்னே கட்டிச் சுமந்து திரிந்து, குஞ்சுகள் வெளிவந்தபின் அவற்றை முதுகிலேற்றிக் கொள்ளும். அடுத்தது மிரிட் நாவாய்ப்பூச்சி. இதன் நிலை இரங்கத்தக்கது. பச்சை நிறமும் சிறு வடிவும் உடையதாய், புகையான் மிகுந்த இடத்திலேயே கூட்டமாகத் தென்படுவதால், இதுவே பயிரைக் கெடுப்பதென்று பழிக்கப்படுகின்றது. உண்மையில், அது அங்கே வருவது புகையானின் முட்டைகளைத் தின்பதற்காக. நாளொன்றுக்கு 7 முதல் 10 முட்டைகள் அதற்கு ஆகாரம். திருட்டு நடந்த வீட்டிற்கு வந்த காவலரையே திருடரென்று பிடித்ததற்கு ஒப்பாகும் இது.

இந்தோனேஷியா தேசத்தில் மருந்தின் விலையில் பெரும்பகுதியைச் சர்க்காரே ஏற்று அதனைத் தாராளமாக வழங்கி வந்தனர். விளைவு, புகையானின் பெருக்கமே. 1986-ஆம் ஆண்டில் அத்தேசத்து ஜனாதிபதி 57 மருந்துகளை நெல்லுக்கு இடலாகாதென்று உத்தரவிட்டார். 1989-க்குள் மருந்துக்கான மானியமும் நிறுத்தப்பட்டது. அதனால் நெல் விளைச்சல் குன்றிவிடவில்லை.

குளவியைப் பற்றியும் இங்கே சொல்லுதல் தகும். குளவி புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் குளவியாக்கும் என்பது நெடுங்காலமாக வழங்கும் கூற்று. மண்கூட்டினுள் புழு சென்றதையும், சில நாளில் அங்கிருந்து குளவி வந்ததையும் முன்னோர் செவ்வனே கண்டனர், கண்டதில் பிழையில்லை. நடுவே நடந்தது மட்டும் மறைவாயிருந்தது. குளவி புழுவைக் கொட்டி அசைவற்றதாக்கிக் கூட்டில் வைத்து, அதனுடன் தன் முட்டையையும் வைத்து மூடிவிடுகின்றது. முட்டையிலிருந்து வந்த குளவிக்குஞ்சு அப்புழுவைத் தின்றே வளர்கின்றது. சுவரிலுள்ள ஒவ்வொரு மண்கூடும் தோட்டத்துப் புழுக்கள் சில குறைந்தமைக்கு ரசீது போன்றது. (சிலவகைக் குளவிகள் புழுவுக்குப் பதிலாகச் சிலந்தியையே அடைத்து வைக்கும் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.)

கொட்டாத குளவிகளும் பல உண்டு. 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அந்நிய தேசத்துப் பூச்சி காணப்பட்டது. விரைவிலேயே அது பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளியையும் மல்பெரியையும் பற்றிக்கொண்டது. கிழங்கு பயிரிட்டோரும் பட்டுப்புழு வளர்த்தோரும் பெரிதும் கலங்கினர். உடல்மீது வெண்மாவு போன்ற மெழுகு மூடியிருந்தமையால், எத்தனை முறை மருந்தடித்தும் பயனில்லை. பின்னர் 2010-ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து கடுகினும் சிறிய ஒரு குளவியினம் தருவிக்கப்பட்டு, பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பெருக்கி விடப்பட்டது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும்; குஞ்சு உள்ளிருந்தே அதனைத் தின்று முடிக்கும். விடப்பட்ட இடங்களில் சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. குளவி விட்ட தோட்டத்தில் மருந்து தெளித்தல் ஆகாது என்பது ஒன்றே குடியானவர்களிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது.

சாணியை உருட்டும் வண்டினைக் கண்டு முகஞ்சுளிப்போர் ஆஸ்திரேலியாவின் செய்தியை அறிதல் நலம். அங்கே 1788-ஆம் ஆண்டு முதல் வெள்ளையர் கொண்டு சென்ற மாடுகள் பெருகின. ஆயின் அந்நாட்டு வண்டுகள் கங்காருவின் எருவுக்குப் பழகியவையாதலால் மாட்டுச் சாணியை மண்ணிற் புதைப்பது போதிய அளவு நடவாமல், மேய்ச்சல் நிலமெங்கும் சாணி காய்ந்து கிடக்க, ஈக்கள் பெருகின. 1968 முதல் அந்நாட்டுச் சர்க்கார் ஆராய்ச்சியாளர் ஆப்பிரிக்கா முதலிய தேசங்களிலிருந்து சாணி வண்டுகளை வரவழைத்து விட்டனர். நம் கிராமத்து மந்தைவெளியில் அவ்வேலை செலவின்றி நடக்கின்றது.

வீட்டுப் பல்லிக்கு விஷமில்லை. அது தின்பது கொசுவையும் ஈசலையும்.

இவ்வளவு கூறியதால் எல்லாச் சிற்றுயிர்களும் நண்பர்களே என்று கொள்ளலாகாது. தண்டுத் துளைப்பான் பயிருக்குப் பகையே. செந்தேள் கொட்டினால் குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து. மந்திரிப்பாரை நாடாமல் ஆஸ்பத்திரிக்கு விரைதல் வேண்டும். பிள்ளைப்பூச்சி மனிதரை ஒன்றும் செய்யாதாயினும் இளநாற்றின் வேரைக் கடிக்கும். ஒவ்வொன்றையும் அதனதன் செயலால் அறிதலே வேண்டுவது.

இவ்வறிவு வெறும் பேச்சன்று என்பதற்கு விவசாய இலாகாவினரின் அளவுகோலே சான்று. வயலில் சிலந்தி இல்லாதவிடத்து, தண்டு ஒன்றுக்கு ஒரு புகையான் காணப்பட்டால் மருந்து பற்றி யோசிக்கலாம். குத்து ஒன்றுக்கு ஒரு சிலந்தி இருக்குமாயின், தண்டுக்கு இரண்டு புகையான் வரை பொறுத்திருக்கலாம். அஃதாவது, சிலந்திக்கு வரவுப் பக்கத்தில் இடம் கொடுக்கப்பட்டிருக்கின்றது. அளவு கடந்தாலும் முதலிற் செய்யத்தக்கது நீரை வடித்து வயலைக் காயவிடுதலே. யூரியாவை மிகுதியாக இடாமையும், நடவிலேயே எட்டடிக்கு ஓரடி இடைவெளி விடுதலும் முன்னெச்சரிக்கைகள். மருந்து இன்றியமையாததெனின், விவசாய அதிகாரி குறித்த மருந்தைத் தண்டினடியிற் படுமாறு தெளித்தல் வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஊருக்கு இரண்டு வாலிபர், சம்பா தூர் கட்டியது முதல் வாரம் ஒருமுறை காலையில் வயலிலிறங்கி, குறுக்காக நடந்து இருபது குத்துகளைத் தட்டிப் பார்த்து எண்ணி வருவது. சங்க அலுவலகத்தில் அதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தேதிக்கு ஒரு பத்தி, சர்வே நம்பருக்கு ஒன்று, புகையானுக்கு ஒன்று, சிலந்திக்கு ஒன்று. மருந்துக்குக் கடன் கேட்டு வருபவரிடம் காரியதரிசி முதலில் அப்புத்தகத்தைத் திறந்து காட்டலாம்.