எமக்கு எவ்வளவு நித்திரை வேண்டும்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் நித்திரையைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். விழித்திருந்து படித்தபடியால்தானே நாம் இந்த நிலைக்கு வந்தோம் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியையே இன்று எடுத்துக்கொள்கிறோம்.

இந்த மண்டபத்தில் மூன்று தலைமுறையினர் இருக்கிறோம். விடுதி மணி அடித்ததும் விளக்கணைத்துப் படுத்தவர்கள் இருக்கிறார்கள். தொண்ணூறுகளில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் படிக்கும் இன்றைய பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூன்று தலைமுறைக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று உண்டு. நித்திரையைக் குறைப்பவள் கெட்டிக்காரி. நேரத்துக்குப் படுப்பவள் கும்பகர்ணன் பரம்பரை. திருக்குறளின் மடியின்மை அதிகாரமும் துயிலைச் சோம்பலோடு சேர்த்தே சொல்கிறது என்று உடனே எடுத்துக்காட்டுவோம். ஆனால் வள்ளுவர் கண்டித்தது கடமையை மறந்த தூக்கத்தை. உழைத்த உடம்பு இரவில் கேட்கும் ஓய்வு வேறு.

அந்த ஓய்வு எவ்வளவு? 2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் நித்திரை மருத்துவ வல்லுநர்கள் ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்து, வளர்ந்தவர்களுக்கு நாளாந்தம் 7 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். அதே ஆண்டில் வெளியான மற்றொரு பரிந்துரை வயதுவாரியாகக் கணக்குச் சொல்கிறது. 6 முதல் 13 வயது வரை 9 முதல் 11 மணித்தியாலம். 14 முதல் 17 வயது வரை 8 முதல் 10. 18 முதல் 64 வரை 7 முதல் 9. 65 வயதுக்கு மேல் 7 முதல் 8. வயது போனால் நாலு மணித்தியாலம் காணும் என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. முதுமையில் நித்திரை இலகுவாகக் குழம்புமே தவிர, அதன் தேவை பாதியாகக் குறைவதில்லை.

“எங்களுக்கு ஐந்து, ஆறு மணித்தியாலம் பழகிவிட்டது” என்று சொல்வோரே அதிகம். 2003இல் வெளியான பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இதையே சோதித்தது. இரவில் ஆறு மணித்தியாலம் அல்லது அதற்குக் குறைவாக இரண்டு கிழமைகள் படுத்தவர்களின் கவனமும் நினைவாற்றலும் நாளுக்கு நாள் குறைந்தன. முடிவில், இரண்டு இரவுகள் வரை முற்றாக விழித்திருந்தவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தன. ஆனால் அவர்களோ தமக்குச் சற்றே தூக்கக் கலக்கம் என்றுதான் நினைத்தார்கள். பழகிப்போனது உடம்பு அல்ல. குறையை உணரும் திறனே மழுங்கிப்போனது.

உடம்பும் தன் கணக்கைக் கேட்கும். 2009இல் வெளியான ஆய்வொன்றில் 153 சுகதேகிகளின் மூக்கில் தடிமன் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். எட்டு மணித்தியாலமோ அதற்கு மேலோ நித்திரை கொண்டவர்களைவிட, ஏழுக்குக் குறைவாகக் கொண்டவர்களுக்குத் தடிமன் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. தொடர்ச்சியான நித்திரைக் குறைவு நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இருதய நோய், மனச்சோர்வு ஆகியவற்றோடும் தொடர்புடையது. எங்கள் குடும்பங்களில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் கேட்டபின், “எங்களுக்கு எங்கே நேரம்?” என்று தாய்மார் கேட்பது நியாயம். நாலு மணிக்கு எழும்பிப் புட்டவித்து, சம்பல் அரைத்து, மத்தியானச் சோற்றையும் கட்டிக் கொடுத்து, பிறகு வேலைக்கு ஓடுபவர்களிடம் “நேரத்துக்குப் படுங்கள்” என்று சொல்வதில் பயனில்லை. அவ்வேலையில் பாதியை வீட்டிலுள்ள மற்றவர்கள் எடுத்தால்தான் அவர்களுக்கு ஏழு மணித்தியாலம் கிடைக்கும். இரவுக் கடமை செய்யும் தாதியரான எம் சகோதரிகளுக்கும் இதுவே பொருந்தும். அவர்கள் பகலில் படுக்கும் அறை இருட்டாக இருக்கட்டும்; அந்நேரம் ஊரிலிருந்து நாம் தொலைபேசி எடுக்காமல் இருப்போம்.

மாதவிடாய் நிற்கும் வயதில் உடல் கொதித்து நித்திரை குழம்புவது பொதுவானது. அதை வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம். பலத்த குறட்டையும் பகலில் அடக்கமுடியாத தூக்கமும் சேர்ந்திருந்தால், நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம், பரிசோதியுங்கள். அயலவரின் நித்திரைக் குளிசையைக் கடன் வாங்காதீர்கள். நெடுநாள் நித்திரையின்மைக்கு முதலில் பழக்கங்களையும் எண்ணங்களையும் திருத்தும் சிகிச்சையையே அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. நாளாந்தம் ஒரே நேரத்தில் எழும்புங்கள். பின்னேரத்துக்குப் பின் கடுஞ்சாயத் தேநீரும் கோப்பியும் வேண்டாம். கோப்பியிலுள்ள கபேயினில் பாதி ஐந்து மணித்தியாலத்தின் பின்னும் உடம்பில் இருக்கும்.

மாணவிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் படித்ததை மூளை நித்திரையிலேதான் நிலைப்படுத்துகிறது. கனவு காணும் நித்திரை விடியற்புறத்திலேயே அதிகம். பிந்திப் படுத்து மூன்று மணிக்கு எழும்புபவள் அந்தப் பகுதியையே வெட்டி எறிகிறாள். உங்கள் வயதில் உடலின் கடிகாரம் இயல்பாகவே பிந்தி ஓடுகிறது. பாடசாலை வானோ விடியவே வந்து நிற்கிறது. இடையில் நசுங்குவது உங்கள் நித்திரை. இது உங்கள் சோம்பல் அல்ல.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். நூற்றாண்டுத் திட்டங்களில் ஒன்றாக, புலம்பெயர்ந்த பழைய மாணவிகள் சூம் வழியாக உயர்தர வகுப்புகள் நடத்த முன்வந்திருக்கிறார்கள். அது பெரிய மனது. ஆனால் லண்டனில் வேலை முடிந்து மாலை ஐந்தரைக்கு அங்குள்ள அக்கா வகுப்பைத் தொடங்கினால், இங்கே கோடையில் இரவு பத்து மணி; மாரியில் பதினொன்று. வார இறுதியில் இங்கு பிற்பகல் இரண்டரைக்கு வைத்தால் லண்டனில் காலை, மெல்பேணில் மாலை. ரொறன்ரோவிலுள்ளவர்கள் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் இங்கு மாலை ஐந்தரை அல்லது ஆறரை. எந்த வகுப்பும் இங்கு இரவு எட்டு மணியைத் தாண்டக்கூடாது என்று நேர அட்டவணையின் தலையில் எழுதிவிட்டே திட்டத்தைத் தொடங்குவோம். பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் உதவி அவர்களின் நித்திரையிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டாம்.

மத்தியான விருந்துக்குப் பின்னான இந்த நேரத்தில் யாராவது கண்ணயர்ந்திருந்தால், இன்று மட்டும் எமக்கு அதில் மனவருத்தமில்லை.