சிற்றில்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘இலக்கியத்தில் இல்லம்’ என்பது எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. மாடமாளிகைகளைப் பற்றிப் பேசுதற்கு அறிஞர் பலர் உளர். யான் சிற்றிலைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

சிற்றில் என்றதும் நமக்குப் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வரும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் எட்டாம் பருவம் அது. சிறுமியர் மணலில் வீடு கட்டுவர். பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை அதனைக் காலால் அழிக்க வருவான். சிதையாதே என அவர்கள் வேண்டுவர். இதனை இனியதொரு விளையாட்டாகவே நாம் பயின்றுள்ளோம். மாணவர்க்கும் அவ்வாறே பயிற்றுவிக்கின்றோம். வேண்டியும் கேளாது வீடு சிதைக்கப்பட்டுவிட்டால், அதன்பின் அவர்கள் எவ்வாறு வாழ்வர்?

இவ்வினாவுக்கு இளங்கோவடிகளிடம் ஒரு விடை உண்டு. புகாரில் செல்வ மனையில் வாழ்ந்த கண்ணகி, மதுரையில் மாதரி என்னும் ஆய்ச்சி அளித்த சிறு மனையில் அடைக்கலம் பெறுகின்றாள். கொலைக்களக் காதையில் அவள் காய் அரிகின்றாள். மெல்லிய விரல்கள் சிவக்கின்றன. அடுப்பின் வெம்மையில் முகம் வியர்க்கின்றது, கண்கள் சிவக்கின்றன. நிலத்தில் நீர் தெளித்து, வாழையின் குருத்திலை விரித்துக் கணவனுக்கு உணவு படைக்கின்றாள். அடுத்து நிகழவிருக்கும் கொலையை எண்ணி விரையும் நாம், இவ்விடத்தில் நிற்பதில்லை. இரவல் வீடு ஒன்றினை ஒரே பொழுதில் தன் வீடாக்கிக்கொண்ட பெண்ணின் உழைப்பு அங்கே இருக்கின்றது.

இதனை யான் நூலில் கற்றது பல்லாண்டுகளுக்கு முன். உணர்ந்தது அண்மையில்தான். அதற்குக் காரணமான என் தவறு ஒன்றினை இவ்வவையில் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

என் வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தி, ‘என் வீடு’ என்னும் கட்டுரையில் ‘எங்கள் குசினி’ என்று எழுதியிருந்தாள். அதன்கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, ‘பிறமொழிச் சொல், அடுக்களை என எழுதுக’ எனக் குறித்தேன். அவள் ஒன்றும் கூறவில்லை. அடுத்த கட்டுரையில் ‘அடுக்களை’ என்றே எழுதினாள். திருத்தம் பயன் தந்தது என மகிழ்ந்தேன்.

தேர்வு நெருங்கிய வேளையில் அவள் காய்ச்சலுற்றாள். பாடக் குறிப்புகளைக் கொடுத்துவர அவள் வீட்டிற்குச் சென்றேன். அம்பத்தூரிலிருந்து பேருந்தில் செல்லும் தொலைவில், புழலில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம் அது. ஏறத்தாழப் பத்தடிக்குப் பத்தடி அளவுள்ள ஓர் அறை. அதில் ஐவர் வாழ்ந்தனர்.

“இஞ்சால விறாந்தையில இருங்கோ, ரீச்சர்” என்றார் அவளுடைய அம்மம்மா. திண்ணையும் தாழ்வாரமும் அங்கில்லை. வாயிற்படியை ஒட்டி ஒரு பாய் விரித்திருந்தது. “பிள்ளை, குசினிக்க தேத்தண்ணி கிடக்கு, ஊத்திக் குடு” என்றார். இரண்டு கை நீளத்தில், மூலையில் ஓர் அடுப்பு இருந்தது. குறுக்கே கட்டிய சேலைக்கு அப்பால் இருந்தது படுக்கையறை. பலகை மேலிருந்த படம் சாமியறை. வெளியே இரண்டு குடங்கள் வைத்திருந்த இடம் கிணற்றடி.

1990-இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்து வீட்டை விட்டுக் கடல் கடந்து வந்தவர் அவர். “அம்மம்மாவின் வீட்டில் இருந்தவை எல்லாம் இங்கும் இருக்கின்றன, அம்மா” என்றாள் மாணவி. யான் விடைபெறும்போது மூதாட்டி, கதவைப் பூட்டிவரச் சொல்லித் “திறப்பை எடு” என்றார். சாவியை அவர்கள் திறப்பு என்பர்.

பேருந்தில் திரும்பும்போது அச்சொல் என்னை வருத்தியது. குசினி என்பது போர்த்துக்கீசியம் தந்த சொல், ஐயமில்லை. ஆனால் நம் சன்னலும் சாவியும் அலமாரியும் மேசையும் அம்மொழி தந்தவையே. அவற்றின்கீழ் யான் ஒருபோதும் கோடிட்டதில்லை. திறப்பு என்னும் தூய தமிழ்ச்சொல்லோ அவர்கள் நாவில் இருக்கின்றது. அந்த மூதாட்டி இழந்த வீட்டைச் சொற்களால் மீண்டும் கட்டியிருந்தார். அதில் ஓர் அறையை யான் சிவப்பு மையால் சிதைத்தேன்.

மறுவாரம் மாணவியிடம், “தவறு என்னுடையது” என்றேன். அவள் சிரித்து, “தேர்வில் எதை எழுதட்டும், அம்மா?” எனக் கேட்டாள். விடைத்தாளைத் திருத்துபவர் யாரோ! எனக்கு விடை கூற இயலவில்லை.

அன்பர்களே! 1983-ஆம் ஆண்டு இனக்கலவரத்தைத் தொடர்ந்து ஏதிலியராய் வரத் தொடங்கியவர்கள் இவர்கள். 2021-இல் தமிழக அரசு இம்முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித்தரப்படும் எனவும் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் அகதி என்னும் சொல் நீங்கியபின்னும் முகாம் என்னும் சொல் நின்றுவிட்டது. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என மூன்று நாடுகளிலிருந்து வந்தோர்க்கே வழி செய்தது. இலங்கை அதில் இல்லை. இம்மண்ணிலேயே பிறந்து, நம் வகுப்பறைகளில் தமிழ் பயிலும் பிள்ளைகளும் இந்நாட்டவராய் ஏற்கப்படக் காத்திருக்கின்றனர்.

கவிஞர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். அவர்களைப் பற்றி இரங்கற்பா எழுதுவதற்கு முன், அவர்களை இவ்வட்டத்திற்கு அழையுங்கள். புழல் தொலைவில் இல்லை. அவ்வேரியின் நீரைச் சென்னை மாநகரம் குடிக்கின்றது. அவர்கள் எழுதித் தருவதை நம் அடுத்த மலரில் வெளியிடுங்கள். அதில் குசினி என்று இருந்தால், குசினி என்றே அச்சாகட்டும். மெய்ப்புத் திருத்தும் பணியை எனக்கு அளித்தால், கறுப்பு மையோடு வருகின்றேன்.