வலிக்காத வெள்ளைத் திட்டு: சபரகமுவத் தோட்டங்களும் வாய்ப் புற்றுநோயும்

2006 இறுதியில் தொடங்கி ஓராண்டு காலம், பல் மருத்துவ ஆய்வாளர் ஹேமந்த அமரசிங்ஹவும் குழுவினரும் இலங்கையின் சபரகமுவ மாகாணத்தில் 30 வயதைக் கடந்த 1,029 பேரின் வாய்களைப் பரிசோதித்தார்கள். நியூவெல் ஜோன்சன், சமன் வர்ணகுலசூரிய போன்ற மூத்த ஆய்வாளர்களும் அந்த வேலையில் இருந்தார்கள். நூற்றில் 11 பேருக்கு மேல் கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ பின்னாளில் புற்றாக மாறக்கூடிய மாற்றங்கள் தெரிந்தன. புற்றுநோய் ஆய்வேடுகளில் இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து வாய்கள் இடம்பிடித்தது இப்படித்தான். அந்த முடிவு அங்குள்ள தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இந்த உரையின் கவலை.

குழு கண்டது இதுதான். தினமும் வெற்றிலை போடுபவருக்கு அந்த மாற்றங்கள் வரும் வாய்ப்பு, போடாதவரைவிடச் சுமார் பத்து மடங்கு அதிகம். கூடவே சாராயமும் சேர்ந்தால் இரண்டும் கைகோத்துக் கொள்கின்றன. நாளொன்றுக்கு எத்தனை வாய் போடுகிறாரோ அதற்கேற்ப ஆபத்தும் ஏறுகிறது. புகையிலை சேர்க்காமல் போட்டவர்களும் தப்பவில்லை.

இந்தக் கடைசி முடிவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "பொகல இல்லாமத்தானே போடுறேன்" என்பது தோட்டங்களில் வழக்கமான சமாதானம். படித்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003 இல் கூட்டிய நிபுணர் குழு, புகையிலை கலக்காத வெற்றிலைக் கூறும், ஏன், வெறும் பாக்குமே மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. குற்றவாளி பாக்கு. அது கேகாலை மாவட்டத்துக் கொல்லைகளில் தாராளமாகக் காய்ப்பது. காசு கொடுத்து வாங்க வேண்டியதுகூட இல்லை.

பாக்கு செய்யும் இன்னொரு வேலை கன்னத்தை இறுக்குவது. கன்னத்தின் உட்சதை மெல்ல மெல்ல நார் பாய்ந்து விறைத்துப் போகும். முதலில் கொச்சிக்காய்ச் சம்பல் பட்டாலே வாய் எரியும். சில வருடங்களில் ரொட்டியைப் பெரிய துண்டாகக் கடிக்க முடியாது. தன்னுடைய மூன்று விரல்களை நிமிர்த்தி அடுக்கி வாய்க்குள் வைக்க முடியாத ஒருவர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். 1952 இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் இதை முதலில் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னபோது, கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம்தான் கண்டிருந்தார். இறுகிய சதை பழையபடி இளகுவதில்லை. பாக்கை விட்டால் மேலும் மோசமாகாமல் தடுக்கலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் விட முடியவில்லை? தோட்டத்தில் இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். விடியற்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), மலையில் மழை, காலில் அட்டை, பகல் சாப்பாட்டுக்கு இன்னும் பல மணி நேரம். ஒரு வாய் வெற்றிலை உடம்பைச் சூடாக்குகிறது, பசியை மறக்கடிக்கிறது. இதைப் பழக்கதோஷம் என்று ஏசுபவர்கள் மூளை ஆய்வு சொல்வதைக் கேட்பது நல்லது. பாக்கிலுள்ள அரெகோலின் என்ற பொருள், நிக்கோட்டின் போய் ஒட்டுகிற அதே வகை மூளை ஏற்பிகளில் வேலை செய்கிறது என்று 2015 இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் ரோஜர் பாப்கே குழு காட்டியது. சிகரெட்டை விடுவதைப் போலவே பாக்கை விடுவதும் ஏன் கடினம் என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். தாய்வானில் வெற்றிலை பழகியவர்களுக்கு மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெற்றிலையை விட்டார். வெற்று மாத்திரை பெற்றவர்களில் விட்டவர் மிகச் சிலரே. சிறிய ஆய்வுதான், ஆண்களிடம் மட்டும் செய்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் இது பொருந்துமா என்பதை இங்கேதான் சோதிக்க வேண்டும்.

2024 இல் 'லான்செட் ஒன்கோலஜி' இதழ் வெளியிட்ட கணக்கின்படி, 2022 இல் உலகில் ஏற்பட்ட சுமார் 3,89,800 வாய்ப் புற்றுநோய்களில் 1,20,200 புகையற்ற புகையிலையாலும் பாக்காலும் வந்தவை. இலங்கையின் பங்கு சுமார் 1,300. சிறிய நாட்டுக்கு அது பெரிய எண்.

வாய்க்குள்ளிருப்பதைப் பார்க்க ஸ்கேன் இயந்திரம் தேவையில்லை. ஒரு டோர்ச், கன்னத்தை ஒதுக்க ஒரு விரல், இரண்டு நிமிடம். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் 1996 இல் தொடங்கிய பெரிய ஆய்வில், மருத்துவர் அல்லாத பணியாளர்களே வீடு வீடாகப் போய் வாய் பார்த்தார்கள். புகையிலை, மது பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இலங்கை அதற்கு முன்பே, 1980களின் தொடக்கத்தில், மத்திய மாகாணத்தில் இதைச் செய்து பார்த்திருந்தது. ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் 34 பேர் 28,000க்கு மேற்பட்டோரின் வாய்களைச் சோதித்தார்கள். அவர்கள் கண்டுபிடித்தவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஆனால் மேற்சோதனைக்கு வரச் சொன்னவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வரவில்லை.

வராததற்கு அறியாமையைக் காரணம் காட்டுவது சுலபம். ஆனால் சபரகமுவ ஆய்வில் வாய்ப் புற்றுநோய் என்ற ஒன்று உண்டென்று பெரும்பாலோர் அறிந்தே இருந்தார்கள். அதற்கு முன் தோன்றும் திட்டுகளைப் பற்றித்தான் நான்கில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. அந்தத் திட்டு வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றுக்காகக் கேகாலை மாவட்டத்துத் தெரணியகலைப் பக்கத்து மலையிலிருந்து பஸ் ஏறினால், அன்றைய பேர் விழாது, நாட்சம்பளம் போய்விடும்.

ஆகவே ஆஸ்பத்திரி தோட்டத்துக்கு வரட்டும். பெரட்டுக் களம், கொழுந்து நிறுக்கும் இடம், பிள்ளைக் காம்பரா, டிஸ்பென்சரி என்று ஆட்கள் தாமாகவே கூடும் இடங்கள் தோட்டத்தில் ஏராளம். தீபாவளி முற்பணம் கொடுக்கும் நாளில் ஒருவர் தவறாமல் எல்லாரும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையின் ஓரத்தில் ஒரு நாற்காலியும் டோர்ச்சும் வைத்துப் பல் மருத்துவர் ஒருவர் உட்கார்ந்தால், மாலைக்குள் பலரின் வாய்களைப் பார்த்து முடித்துவிடலாம். மேற்சோதனைக்குப் போகிறவருக்கு அன்று அரைப் பேராவது போடத் தோட்ட நிர்வாகம் இசைய வேண்டும்.